சியான் கல்வெட்டுக் காடு: போகுமுன் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

சீனாவின் சியான் நகரத்துக்கு வரும் நம்மவர்கள் பெரும்பாலும் களிமண் போர்வீரர்களைப் பார்க்கத்தான் வருகிறார்கள். வேலை நிமித்தமாக நான் அங்கே இருந்த ஆண்டுகளில், வீட்டுக்கு வந்த உறவினர், நண்பர், நண்பரின் நண்பர் என ஒருவரையும் விடாமல் கல்வெட்டுக் காடு எனப்படும் பெய்லின் அருங்காட்சியகத்துக்கும் கூட்டிப் போவேன். ஊருக்குத் திரும்பிய பிறகும் போன் செய்து கேட்பவர்கள் குறையவில்லை. எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள். அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே தொகுத்திருக்கிறேன்.

1. கல்வெட்டுக் காடுன்னு சொல்றாங்களே, உண்மையிலேயே காடா?

மரக்காடு இல்லை. ‘பெய்’ என்றால் எழுத்து வெட்டி நிறுத்திய கல், ‘லின்’ என்றால் காடு. ஆள் உயரத்துக்கும் அதற்கு மேலும் நிற்கும் கற்பலகைகள் கூடம் கூடமாக நெருக்கி நிறுத்தப்பட்டிருப்பதால் அந்தப் பெயர். நடுவில் நடக்கும்போது தென்னந்தோப்புக்குள் போவதுபோல இரண்டு பக்கமும் உயரமாகக் கல் வந்துகொண்டே இருக்கும்.

ஷான்சி மாகாணத் தலைநகரான சியானில், பழைய கோட்டை மதிலின் தெற்கு வாசலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. முன்பு கன்ஃபூசியஸ் கோயிலாக இருந்த வளாகம் இது. சோங் வம்ச காலத்தில், 1087ஆம் ஆண்டு, லூ தாசோங் என்ற அதிகாரி நகரத்தில் கேட்பாரற்றுக் கிடந்த, அதற்கு முந்திய தாங் வம்ச காலக் கற்களை இங்கே கொண்டுவந்து சேர்த்தார். தொடக்கம் அதுதான். ராஜராஜனின் பெரிய கோயில் கட்டி முடிந்து எண்பது ஆண்டுகூட ஆகாத சமயம். அன்றிலிருந்து இன்றுவரை கல் வந்து சேர்ந்துகொண்டே இருக்கிறது. 

2. எனக்கு ஒரு சீன எழுத்துகூடத் தெரியாது. போய் என்ன பார்ப்பது?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். சீன நண்பர்களிலும் பலர் இந்தக் கற்களில் உள்ள பழைய மொழியைச் சரளமாகப் படிப்பதில்லை. அவர்கள் பார்க்க வருவது கையெழுத்தை. ஓர் ஆசிரியரின் தூரிகை எங்கே அழுத்தியது, எங்கே தூக்கியது, எங்கே திரும்பியது என்பதைக் கல்லில் தேடுகிறார்கள். அதற்கு மொழி தெரிய வேண்டியதில்லை. சங்கீதத்தில் சாகித்தியம் புரியாத பாட்டை நாம் கேட்பதில்லையா, அப்படி.

ஒரு சின்னப் பயிற்சி சொல்கிறேன். யான் சென்ச்சிங் என்பவர் தாங் காலத்துப் பெரும் எழுத்துக் கலைஞர். 752இல், நாற்பது வயதைக் கடந்தபோது எழுதிய ‘தோபாவ் ஸ்தூபிக் கல்’ இங்கே இருக்கிறது. 780இல், எழுபதைத் தாண்டிய பிறகு, தம் குடும்பக் கோயிலுக்காக எழுதிய கல்லும் இங்கேயே இருக்கிறது. முதல் கல்லில் எழுத்துகள் கச்சிதமாக, இடைவெளி அளந்து வைத்ததுபோல இருக்கும். இரண்டாவதில் செங்குத்துக் கோடுகள் தடித்து, இரண்டு பக்கமும் வில்லாக வெளியே வளைந்து, எழுத்து முழுவதும் காலை அகட்டி நிற்கும் மனிதர்போல ஆகியிருக்கும். இடையில் ஆன் லூஷான் என்ற தளபதியின் கலகம் வந்து யான் சென்ச்சிங்கின் உறவினர்கள் பலரைப் பலிகொண்டது. கலகக்காரர்களை எதிர்த்து நின்றவர் யான். இரண்டு கல்லையும் மாறி மாறிப் பார்த்தால் ஒரு மனிதர் முதிர்ந்தது தெரியும். என் அத்தை தமிழ் தவிர வேறு எதுவும் படிக்கத் தெரியாதவர். இரண்டு கல்லையும் காட்டியதும், "இது சின்ன வயசுல எழுதினது, அது வயசான கை" என்று அவரே சொன்னார்.

3. எப்படிப் போவது? எவ்வளவு நேரம் ஒதுக்கணும்?

மெட்ரோ 2ஆம் வழித்தடத்தில் யுங்நிங்மென் நிலையத்தில் இறங்கி, ஷுயுவான்மென் என்ற பழைய தெரு வழியாக நடந்து போங்கள். தூரிகை, மை, காகிதம், முத்திரைக் கல் விற்கும் கடைகள் நிறைந்த தெரு. வாசலில் மேசை போட்டு எழுதிக்கொண்டிருப்பவர்களை இரண்டு நிமிடம் நின்று பார்த்துவிட்டுப் போனால், உள்ளே கல்லில் பார்க்கப் போவது சுலபமாகப் பிடிபடும்.

மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள். சீட்டுக்கு அது தேவை. அக்டோபர் முதல் வாரம் சீனாவில் தேசிய விடுமுறை. அப்போது போனால் கல்லுக்கும் உங்களுக்கும் நடுவில் ஐந்து வரிசை ஆட்கள் நிற்பார்கள். களிமண் போர்வீரர்கள் இருக்கும் இடம் நகரத்துக்குக் கிழக்கே ரொம்ப தூரம். இரண்டையும் ஒரே நாளில் அடக்கப் பார்க்காதீர்கள்.

4. நடுவில் ஒரு மண்டபத்துக்குள் தனியாக ஒரு பெரிய கல் நிற்கிறதே, அது என்ன?

‘கல்மேடை பெற்றோர்பக்தி நூல்’ என்று அதற்குப் பெயர். பெற்றோரிடம் பிள்ளைகள் நடக்க வேண்டிய முறையைச் சொல்லும் கன்ஃபூசிய நூலை, தாங் பேரரசர் சுவான்சோங் முன்னுரையும் விளக்கமும் சேர்த்துத் தம் கையாலேயே எழுதி, 745இல் வெட்டுவித்தார். நான்கு பக்கமும் எழுத்து. மேலே மேகம் சுருண்டதுபோல மகுடம், கீழே மூன்று அடுக்கு மேடை.

இந்தக் கல்லுக்குள்ளேயே ஒரு புதையல் இருந்தது. 1973இல் இதைப் பழுதுபார்த்தபோது, கற்கள் பொருந்தும் துளைக்குள் பழைய காகிதங்கள் கிடைத்தன. அவற்றில் சில ஜூர்ச்சென் எழுத்தில் எழுதப்பட்டவை. ஜூர்ச்சென்கள் 12ஆம் நூற்றாண்டில் வட சீனத்தைப் பிடித்து ஆண்டவர்கள். அவர்களுடைய மொழியும் எழுத்தும் எப்போதோ வழக்கொழிந்துவிட்டன. கையால் எழுதிய தாள்கள் மிக அரிது. யார் செருகி வைத்தார்களோ, கல் பத்திரமாக வைத்திருந்து கொடுத்திருக்கிறது.

5. அந்த மண்டபத்தின் பெயர்ப்பலகையில் எழுத்துப்பிழை இருக்கிறதாமே?

மேலே தொங்கும் பலகையில் ‘பெய்லின்’ என்று இரண்டு எழுத்து. அதில் ‘பெய்’ என்பதன் வலப்பக்க உச்சியில் இருக்க வேண்டிய ஒரு சிறு கீற்று இல்லை. 1839இல் ஆங்கிலேயரின் அபினைப் பறிமுதல் செய்து அழித்த சீன அதிகாரி லின் ட்சேஷு எழுதியது என்று சொல்லப்படுகிறது. பதவி பறிபோன வருத்தத்தில் தலைக் கீற்றை விட்டுவிட்டார் என்று வழிகாட்டிகள் கதை சொல்வார்கள். ஆனால் பழைய கற்களிலேயே அந்தக் கீற்று இல்லாமல் எழுதும் வழக்கம் உண்டு. பிழை என்று நினைக்க வேண்டாம்.

6. ஒரு கூடம் முழுக்க ஒரே மாதிரி கல்லாக இருந்தது. அலுப்பாகி வெளியே வந்துவிட்டேன். அதில் என்ன இருக்கிறது?

வெளியே வந்தது தப்பு என்று சொல்ல மாட்டேன், ஆனால் அடுத்த முறை கொஞ்சம் நில்லுங்கள். இந்த அருங்காட்சியகம் பிறந்ததே அந்தக் கற்களுக்காகத்தான். ‘காய்செங் கல்நூல்’ என்பார்கள். 837இல் முடிந்தது. 114 கற்கள், இரண்டு பக்கமும் எழுத்து, ஆக 228 பக்கம். பன்னிரண்டு கன்ஃபூசிய நூல்கள், சுமார் ஆறரை லட்சம் எழுத்து. ஒவ்வொரு கல்லிலும் மேலிருந்து கீழாக எட்டுப் பட்டை. ஒரு வரிக்குப் பத்து எழுத்து. பட்டைக்குப் பட்டை கண்ணை ஓட்டினால், இது புத்தகப் பக்கத்தின் கட்டமைப்பு என்று பிடிபடும். நிற்க வைத்த நூலகத்துக்குள் நடக்கிறீர்கள்.

சீனம் தெரிந்த நண்பர் கூட இருந்தால், ‘மக்கள்’ என்று பொருள்படும் ‘மின்’ என்ற எழுத்தைத் தேடித் தரச் சொல்லுங்கள். அதில் ஒரு கோடு குறையும். தாங் பேரரசர் தாய்சோங்கின் இயற்பெயர் லீ ஷிமின். அரசர் பெயரிலுள்ள எழுத்தை முழுசாக எழுதுவது மரியாதைக் குறைவு என்பதால், அவர் இறந்து ஏறக்குறைய இரு நூறு ஆண்டுக்குப் பிறகும் சிற்பியின் உளி அந்தக் கோட்டின் முன் நின்றுவிட்டது. கணவன் பெயரைச் சொல்லாத நம் பாட்டிமார் நினைவு எனக்கு அங்கே வரும்.

7. காகிதத்தைக் கண்டுபிடித்ததே அவர்கள்தானே? அப்புறம் எதற்கு இத்தனையையும் கல்லில் வெட்டினார்கள்?

காகிதம் இருந்ததால்தான் வெட்டினார்கள். எல்லோரும் நூலைக் கையால் பார்த்தெழுதிக்கொண்டிருந்த காலம். ஏடு பெயர்த்து எழுதுகையில் பிழை புகுவதை நம் சுவடிப் பதிப்பாசிரியர்கள் எவ்வளவு சொல்லியிருக்கிறார்கள்! அரசுத் தேர்வு எழுதும் மாணவன் ஒருவன் பாடம் ஒன்று, இன்னொருவன் பாடம் வேறு என்றால் எப்படித் திருத்துவது? அதனால் தலைநகர்க் கல்லூரியில் மாறாத மூலபாடமாகக் கல்லை நிறுத்தினார்கள். சந்தேகம் வந்தால் நேரே வந்து ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

இந்த யோசனை அதற்கும் முந்தியது. ஹான் வம்சத்தில் 175 முதல் 183 வரை லுவோயாங் நகரில் இப்படி ஒரு தொகுதி வெட்டினார்கள். பார்த்தெழுத வந்தவர்களின் வண்டிகள் நாளுக்கு ஆயிரத்துக்கு மேல் நின்று தெருவே அடைத்துக்கொண்டது என்று ஹான் வரலாறு பதிந்திருக்கிறது. அதன் உடைந்த துண்டுகளும் பெய்லினில் உண்டு. காய்செங் கல்லுக்கு வந்த பெருமை இன்னும் பெரிது. 932இல் கன்ஃபூசிய நூல்களை முதன்முதலாக அரசு மர அச்சில் அடிக்கத் தொடங்கியபோது, இந்தக் கல்லின் பாடத்தைத்தான் மூலமாக வைத்தார்கள். அச்சுப் புத்தகத்துக்குத் தாய் இந்தக் கல்.

8. கல்லெல்லாம் கறுப்பாகப் பளபளவென்று இருக்கிறதே, சாயம் பூசியிருக்கிறார்களா?

பூசவில்லை. பல நூற்றாண்டுகளாக மைப்படி எடுத்ததன் சுவடு அது. நம் ஊரில் கல்வெட்டு ஆய்வாளர்கள் செய்வது போலத்தான்: ஈரக் காகிதத்தைக் கல்மேல் ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்துப் பள்ளத்துக்குள் இறக்கி, லேசாகக் காய்ந்ததும் மை தொட்ட துணிப்பொதியால் மேலே ஒற்றுவார்கள். பள்ளத்தில் மை படாது. கறுப்புப் பரப்பில் வெள்ளை எழுத்தாக அப்படியே வந்துவிடும். சீனர்கள் இதை ஆயிரம் ஆண்டுக்கும் மேலாகச் செய்து வருகிறார்கள். ஒவ்வொரு முறையும் காகிதத்தைத் தாண்டிக் கொஞ்சம் மை கல்லில் இறங்கும். புகழ்பெற்ற கல் என்றால் கறுப்பு அதிகம்.

தட்டுவதால் கல் தேயவும் செய்யும். கோட்டின் விளிம்பு மழுங்கும், ஓரம் பெயரும். அதனால் பழைய மைப்படிக்கு மதிப்பு கூடுதல். சாவ் ச்சுவான் என்ற ஹான் கால அதிகாரிக்காக 185இல் நிறுத்திய கல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். பல நூற்றாண்டு மண்ணுக்கடியில் கிடந்து மிங் வம்ச காலத்தில் சேதமில்லாமல் கிடைத்தது. கிடைத்த பிறகுதான் விரிசல் விட்டது. ஒரு குறிப்பிட்ட எழுத்து சேதமாகாமல் இருக்கும் மைப்படி மிகப் பழையது என்று சேகரிப்பாளர்கள் அந்த ஓர் எழுத்தை வைத்தே காலம் கணிப்பார்கள்.

9. மைப்படி ஒன்று வாங்கி வரலாமா? அசல் கல்லில் எடுத்ததுதானா?

கண்டிப்பாக வாங்கலாம். ஆனால் மேலே சொன்ன காரணத்தால் முக்கியமான அசல் கற்களில் இன்று விற்பனைக்காகப் படி எடுப்பதில்லை. நகலாக வெட்டிய கல்லிலோ மரப்பலகையிலோ எடுத்ததுதான் கடைக்கு வரும். அதில் குறை ஒன்றும் இல்லை, நகல் என்று தெரிந்து வாங்கினால் போதும். அச்சடித்த தாளை மைப்படி என்று சொல்லி விற்பதைத்தான் கவனிக்க வேண்டும். முதல் வருடம் நானே ஒரு கடையில் அப்படி ஏமாந்து வாங்கினேன்.

அதன் பிறகு ஒரு முதிய கடைக்காரர் சோதிக்கும் முறையைக் காட்டினார். தாளைத் திருப்பிச் சாய்வெளிச்சத்தில் பிடித்தார். உண்மையான படியில் எழுத்து இருக்கும் இடமெல்லாம் காகிதம் லேசாகப் புடைத்து, விரலால் தடவினால் நெளிவு தெரிந்தது. அச்சுத் தாள் வழவழவென்று தட்டையாக இருந்தது. வாங்கியதை மடிக்காமல் அட்டைக் குழாயில் சுருட்டி எடுத்து வாருங்கள்.

10. எழுத்தில் ஐந்து வகை என்கிறார்களே, எல்லாம் ஒரே மாதிரிதான் தெரிகிறது?

அரை மணி நேரத்தில் கண் பழகிவிடும். ‘முத்திரை எழுத்து’ மிகப் பழையது. கம்பியை வளைத்ததுபோல ஒரே தடிமனில் கோடு போகும். பெரும்பாலும் கல்லின் தலையில் தலைப்புக்கு மட்டும் வரும். ‘எழுத்தர் எழுத்து’ ஹான் கால அலுவலகத்தில் வளர்ந்தது. தட்டையாக, அகலமாக இருக்கும். கிடைக்கோட்டின் முடிவில் அலை எழும்புவதுபோல ஒரு சுழிப்பு. மேலே சொன்ன சாவ் ச்சுவான் கல் இதற்கு நல்ல உதாரணம். சுவான்சோங் எழுதிய 4ஆம் கேள்விக் கல்லும் இந்த வகைதான்.

சதுரத்துக்குள் அடங்கி, கோடுகள் தனித்தனியாக நின்றால் அது ‘சீர் எழுத்து’. இன்று அச்சில் வருவதன் தாய். யான் சென்ச்சிங் எழுதியது அது. 841இல் சுவான்மி ஸ்தூபிக் கல்லை எழுதிய லியூ கோங்ச்சுவானும் இதே வகை. "யானிடம் நரம்பு, லியூவிடம் எலும்பு" என்பது அங்கே பழமொழி மாதிரி. சீனத்தில் தூரிகை பிடிக்கப் பழகும் பிள்ளைகள் இன்றும் இந்த இருவரின் கற்படியைப் பார்த்துத்தான் எழுதுகிறார்கள். கோடுகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டால் ‘ஓடும் எழுத்து’. மொத்தமும் ஒரே இழுப்பாகி எழுத்தே அடையாளம் தெரியாமல் போனால் ‘புல் எழுத்து’.

11. யுவான் சுவாங் கல் ஒன்று இருக்கிறதாமே, அவர் கையெழுத்தா?

அவர் கையெழுத்து இல்லை. ஆனால் அவருக்காக எழுந்த கல். காஞ்சிபுரம் வரை வந்து சென்ற அதே துறவிதான். இந்தியாவிலிருந்து கொண்டுபோன நூல்களை அவர் மொழிபெயர்த்தபோது பேரரசர் தாய்சோங் முன்னுரை ஒன்று எழுதிக் கொடுத்தார். இளவரசரும் ஒரு குறிப்பு எழுதினார். அவற்றோடு, யுவான் சுவாங் மொழிபெயர்த்த இதய சூத்திரம் என்ற பௌத்த நூலையும் சேர்த்துக் கல்லில் வெட்ட விரும்பினார்கள்.

எழுத்து யாருடையதாக இருக்க வேண்டும் என்றபோது, சீனத்தின் எழுத்துக் கலைஞர்களில் தலையாயவர் வாங் ஷிச்சியைத் தேர்ந்தார்கள். அவரோ முந்நூறு ஆண்டுகளுக்கு முன் மறைந்தவர். ஹுவாய்ரன் என்ற துறவி, அரண்மனையில் இருந்த வாங் ஷிச்சியின் கடிதங்களிலிருந்து தேவையான எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சேர்த்தார். கிடைக்காதவற்றை வேறு எழுத்துகளின் உறுப்புகளைக் கூட்டி அமைத்தார். ஓர் எழுத்து கொண்டுவருபவருக்கு ஆயிரம் பொன் என்று அறிவித்ததாகக் கதை. சுமார் 1,900 எழுத்துகளைச் சேர்த்து முடிக்க இருபது ஆண்டுக்கு மேல் ஆனது. 672இல் கல் நின்றது. யுவான் சுவாங் 664இலேயே இறந்துவிட்டார், பார்க்கவில்லை.

கல்லின் குறுக்கே ஒரு விரிசல் ஓடுவதைப் பாருங்கள். விரிசலுக்கு முன் எடுத்த சோங் கால மைப்படிகள் இன்று பொக்கிஷம். வாங் ஷிச்சி தம் கையால் எழுதிய தாள் ஒன்றுகூட மிஞ்சவில்லை என்பது அறிஞர் கருத்து. அதனால் சீனத்தில் அவர் எழுத்தைப் பழகுகிறவர்களுக்கு இந்தக் கல் ஒரு முக்கியமான பள்ளிக்கூடம். எனக்கு இங்கே மிகப் பிடித்த கல் இதுதான். காஞ்சி வரை நடந்த கால்களுக்கும் முந்நூறு ஆண்டு முந்திய ஒரு கைக்கும் ஒரே கல்லில் இடம் கிடைத்திருக்கிறது.

12. கிறிஸ்தவக் கல் எது? சீனாவில் அவ்வளவு பழைய காலத்திலேயே கிறிஸ்தவமா?

ஆமாம், 781இல் நிறுத்திய கல். உயரம் சுமார் 2.8 மீட்டர். 635இல் அலோபென் என்பவர் தலைநகர் சாங்ஆனுக்கு (இன்றைய சியான்) வந்து சேர்ந்ததிலிருந்து, சீனாவில் அந்தத் திருச்சபை வளர்ந்த கதையைச் சொல்கிறது. எழுதியவர் ஜிங்ஜிங் என்ற துறவி. அவருக்கு ஆதாம் என்றும் பெயர். பாரசீகப் பகுதியிலிருந்து பரவிய கிழக்குத் திருச்சபையைச் சேர்ந்தவர்கள் இவர்கள். நெஸ்டோரியன் கல் என்று புத்தகங்களில் படித்திருப்பீர்கள்.

தலைப்புக்கு மேலே, இரண்டு டிராகன் முறுக்கிக்கொண்டிருக்கும் இடத்துக்குக் கீழே, முக்கோணத்துக்குள் உற்றுப் பாருங்கள். மேகத்தின் மேல் தாமரை, அதன் மேல் ஒரு சிறு சிலுவை. அடுத்து கல்லின் அடிப்பகுதிக்கும் பக்கவாட்டுக்கும் வாருங்கள். சீன எழுத்துக்கு நடுவே வேறு மாதிரி, மணி கோத்ததுபோல ஓர் எழுத்து மேலிருந்து கீழாக ஓடும். அது சிரிய எழுத்து, பெரும்பாலும் குருமார் பெயர்கள். கேரளத்தின் சிரியன் கிறிஸ்தவர்கள் வழிபாட்டில் காலங்காலமாகப் புழங்கிய அதே மொழி.

1620களில் மண்ணைத் தோண்டியபோது கிடைத்தது. பாதிரிமார் இட்டுக்கட்டிய போலி என்று ஐரோப்பாவில் சிலர் நீண்ட நாள் வாதிட்டார்கள். இன்று அந்தச் சந்தேகம் யாருக்கும் இல்லை. 1907இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஃப்ரிட்ஸ் ஹோம் என்பவர் இதை வாங்கிப் போக வந்தார். அதிகாரிகள் முந்திக்கொண்டு, இரண்டு டன் எடையுள்ள கல்லைப் பெய்லினுக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். அவர் ஒரு நகல் செய்வித்து எடுத்துப் போனார்.

13. கல்லை ஏன் ஆமைமேல் நிறுத்தியிருக்கிறார்கள்? தொட்டால் நல்லதாமே?

ஆமை மாதிரி இருக்கும், ஆனால் அதன் பெயர் பிஷி. டிராகனின் பிள்ளைகளில் ஒன்று, பாரம் சுமப்பதில் ஆசை உள்ளது என்பது நம்பிக்கை. யாருக்கு எப்படிப்பட்ட பீடம் என்பதற்குத் தாங் காலத்தில் சட்டமே இருந்தது. உயர் பதவியில் இருந்தவர்களுக்கே ஆமைப்பீடம். தொடாதீர்கள். லட்சக்கணக்கான கை பட்டால் கல் என்னாகும் என்பதற்கு 8ஆம் கேள்வியே பதில்.

14. போதிதர்மர் உருவம் இருக்கிறதாமே? அவர் காஞ்சிபுரத்துக்காரர்தானே?

படம் செதுக்கிய கற்களில் போதிதர்மர் உண்டு. ச்சிங் வம்ச காலத்தவை. ஒற்றை நாணல் தண்டின் மேல் நின்று ஆற்றைக் கடக்கும் காட்சி ஒன்று. நான்கைந்து தடித்த இழுப்பில் போர்வை, அதற்குள் முறைத்த கண், தாடி. கல்லில் வெட்டியது என்றே தோன்றாது, ஈரம் காயாத மைபோல இருக்கும்.

சீன நூல்களில் அவரைத் தென்னிந்தியர் என்று சொல்லும் மரபு வலுவானது. மேற்கு நாட்டவர் என்று சொல்லும் பழைய குறிப்பும் உண்டு. காஞ்சி என்று ஊர்ப் பெயரோடு சொல்வது பிற்கால மரபு. இந்தக் கல்லில் அதற்குச் சான்று எதுவும் இல்லை. அங்கே நின்று யாரிடமும் வாதாடாமல் அந்தக் கோடுகளை ரசியுங்கள்.

15. பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா? அலுத்துவிடாதா?

முதலில் படக்கற்களுக்குக் கூட்டிப் போங்கள். 1716இல் வெட்டிய ‘குவான் தேவன் மூங்கில்’ என்ற கல்லில் இரண்டு மூங்கில். இலைகள் சேர்ந்து எழுத்தாகின்றன, எழுத்து சேர்ந்து கவிதையாகிறது. இன்னொன்றில், தேர்வு எழுதுபவர்களுக்கு அருளும் குய்ஷிங் தெய்வம் ஒற்றைக் காலில் நிற்கிறது. உடம்பு முழுவதும் எழுத்தாலேயே ஆனது. எத்தனை எழுத்து இருக்கிறது என்று கண்டுபிடிக்கச் சொன்னால் பிள்ளைகள் அந்த இடத்தை விட்டு வர மாட்டார்கள். பிறகு சிற்பக் கூடத்துக் குதிரைகள்.

16. ஆறு குதிரை என்று படித்தேன், அங்கே நாலுதான் அசல் என்கிறார்களே?

சரிதான். பேரரசர் தாய்சோங் போர்க்களத்தில் ஏறிய ஆறு குதிரைகளின் புடைப்புச் சிற்பங்கள் அவருடைய கல்லறையில் இருந்தன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரண்டு வெளியே கடத்தப்பட்டு, இன்று அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில், பென்சில்வேனியா பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மீதி நான்கையும் தூக்கிச் செல்ல உடைத்தார்கள், வழியில் மடக்கி மீட்டார்கள். அந்தத் துண்டுகளைச் சேர்த்த கோடு இப்போதும் குதிரையின் வயிற்றிலும் காலிலும் தெரியும்.

போனவற்றில்தான் ஒரு மனிதனும் உண்டு. அம்பு தைத்த குதிரையின் மார்பிலிருந்து தளபதி ஒருவர் அதைப் பிடுங்குகிறார். குதிரை தலையைச் சாய்த்து அவர்மேல் ஒட்டி நிற்கிறது. பெய்லினில் அதன் நகல் வைத்திருக்கிறார்கள். நகலின் முன்னால்கூட எனக்கு மனம் கனத்துவிடும்.

17. இத்தனை கல் உடைந்திருக்கிறதே, எல்லாம் போரிலா?

பெரிய சேதம் நிலநடுக்கத்தால். 1556 ஜனவரியில் ஷான்சியில் வந்த நிலநடுக்கத்தில் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததாகப் பதிவு. காய்செங் கற்களில் பலவும் அப்போது விழுந்து முறிந்தன. 1588இல் காணாமல்போன எழுத்துகளைச் சிறு கற்களில் வெட்டி, உடைந்த கல்லின் பக்கத்தில் வைத்தார்கள். உடைந்ததன் மேலேயே வெட்டித் திருத்தவில்லை என்பதை நான் மிகவும் மதிக்கிறேன்.

18. அங்கே தமிழ்க் கல்வெட்டு ஏதாவது இருக்கிறதா?

சியானில் நான் பார்த்ததில்லை. சீனாவில் தமிழ்க் கல்வெட்டு கிடைத்த ஊர் ச்சுவான்ஜோ. தென்கிழக்கே ஃபூஜியான் மாகாணத்துத் துறைமுகம். நம் பத்திரிகைகளில் குவான்சோ என்றும் வரும். 1281இல் வெட்டிய தமிழ்க் கல்வெட்டு, முடிவில் ஒரு வரி சீனம். நம் வணிகர்கள் கட்டிய சிவன் கோயிலைச் சேர்ந்தது. சியானிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல், தனிப் பயணமாகத்தான் போக வேண்டும்.

சீனமும் தமிழும் ஒரே கல்லில் நன்றாகத் தெரிய வேண்டுமென்றால் கொழும்பு தேசிய அருங்காட்சியகம்தான் நமக்குக் கிட்ட. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே கொண்டுவந்து நிறுத்திய, 1409ஆம் ஆண்டு தேதியிட்ட கல். 1911இல் இலங்கையின் காலி நகரில் கிடைத்தது. சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் உண்டு. சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனார் என்ற தெய்வத்துக்கும் காணிக்கை சொல்கிறது.

19. நம்ம கோயில் கல்வெட்டுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? நம்மிடம் இல்லாததா?

எண்ணிக்கையில் நாம் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. வித்தியாசம் நோக்கத்தில். உத்திரமேரூரில் குடவோலை முறையைச் சொல்லும் பராந்தகன் காலக் கல்வெட்டு ஊர்ச்சபையின் தீர்மானம். மற்ற சுவர்களில் நிலக்கொடை, விளக்குக்கு ஆடு, வரி விலக்கு. எழுத்து, சொன்ன செய்தியைச் சுமக்கிறது. முடிவில் ‘இவை இன்னார் எழுத்து’ என்று ஊர்க்கணக்கர் பெயர் வரும். அது சாட்சிக் கையொப்பம். பெய்லினில் கல்லின் முதலிலேயே எழுதியவர் இன்னார் என்று பட்டம் பதவியோடு வரும். அவர் சிவப்பு மையில் கல்லின்மேல் நேராக எழுதுவார். சிற்பி அந்தக் கோட்டைத் தாண்டாமல் வெட்டுவான். செய்தியைவிட அந்தக் கை நீடித்து வாழ்ந்திருக்கிறது.

இன்னொன்று, நம் எழுத்து கோயில் சுவரோடு ஒட்டியது. கருவறையைச் சுற்றி நடந்துதான் படிக்க வேண்டும். இவர்களுடையது தனியே நிற்கும் ஒரு பக்கம். படி எடுத்துச் சுருட்டிக் கொண்டுபோய் மேசையில் விரித்துப் பழகுவதற்கு வாகானது. பெய்லின் பார்த்துவிட்டு வந்த பிறகு நான் தஞ்சைப் பெரிய கோயில் அதிட்டானத்தின் (அடித்தளத்தின்) முன் உட்கார்ந்து, முதல்முறையாக, பொருளைத் தேடாமல் எழுத்தின் வளைவை மட்டும் பார்த்தேன். ராஜராஜன் காலத்துச் சிற்பி ‘ற’கரத்தை எவ்வளவு நிதானமாக வளைத்திருக்கிறான் என்று அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது.

20. போட்டோ எடுக்கலாமா?

ஃபிளாஷ் இல்லாமல் எடுங்கள். முக்கியமான கற்களுக்கு முன்னால் கண்ணாடி உண்டு. நேராக நின்றால் உங்கள் முகம்தான் விழும். ஒரு பக்கமாகச் சாய்ந்து, கறுப்புத் துணியோ கைப்பையோ பிடித்து எதிரொளியை மறைத்தால் எழுத்து தெளிவாக வரும். மேகமூட்டமான நாள் இன்னும் நல்லது.

21. எனக்கு ஒரே ஒரு மணி நேரம்தான் இருக்கு. எதை மட்டும் பார்ப்பது?

சுவான்சோங் கல்லை (4) நடந்தபடியே பார்த்துவிட்டு, காய்செங் கூடத்தில் (6) ஐந்து நிமிடம். சிலுவையையும் சிரிய எழுத்தையும் (12) பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். குதிரைகளுக்கு (16) பத்து நிமிடம் வையுங்கள். மிச்சமிருக்கும் நேரம் முழுவதையும் யான் சென்ச்சிங்கின் இரண்டு கல்லுக்கும் (2) யுவான் சுவாங் கல்லுக்கும் (11) கொடுங்கள். ஓர் எழுத்தைத் தேர்ந்து, அதைச் சுட்டு விரலால் காற்றில் எழுதிப் பாருங்கள், மேலிருந்து கீழ், இடமிருந்து வலம். பக்கத்தில் நிற்கும் சீனப் பெரியவர் ஒருவராவது வந்து, அந்தக் கோட்டை எங்கே தொடங்க வேண்டும் என்று உங்கள் கையைப் பிடித்துக் காட்டுவார். எனக்கு மூன்று முறை நடந்திருக்கிறது.